இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்

பூட்டு மூன்றாவது அடியில் விட்டுக்கொடுத்தது. சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு, பெட்டியைத் திறக்காமல் அவள் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த அறையில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியிலிருந்து மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ஊற்றுகிறவர் பாதிக் குவளை பாதிக் குவளையாகத்தான் ஊற்றினார். மூன்று வருடமாக இந்தத் தெருவில் எல்லோருக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது.

"என்னடி அங்க சத்தம்?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்த இடி இடிக்கிற? மனுஷன் போய் மூணு மணி நேரம் ஆகல."

அவள் மூடியைத் தூக்கினாள்.

உள்ளே முப்பத்தொரு நோட்டுகள். வருடத்துக்கு ஒன்று. சட்டைப் பையில் அடங்கும் அளவு, பழுப்பு அட்டை. அப்பா நிலத்தடி நீர் அலுவலகத்தில் அளவையாளராக இருந்தவர். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு இருபத்துநான்கு கண்காணிப்புக் கிணறுகள். கிணறு என்றால் இறைக்கிற கிணறு இல்லை. பூமிக்குள் இறக்கிய ஒரு சாண் அகலக் குழாய், அதன் மேல் இரும்பு மூடி. மாதக் கடைசி மூன்று நாட்களில் அத்தனைக்கும் போவார். முனையில் ஈயக் குண்டு கட்டிய எஃகு நாடாவில் சாக்குக்கட்டியைத் தேய்த்து உள்ளே விடுவார். வெளியே இழுத்து, சாக்குக்கட்டி எதுவரை நனைந்து கறுத்திருக்கிறது என்று பார்ப்பார். தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு நோட்டில் ஒரு கட்டத்தில் எழுதுவார். ஒரு மாத எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. மழை பெய்தால் ஏறும், வெயில் அடித்தால் இறங்கும். பத்து, இருபது வருடத்து எண்களை வரிசையாக வைத்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

அவள் பழைய நோட்டுகளைத் தொடவில்லை. கடைசி எட்டு நோட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவற்றில் முதல் நோட்டில், ஏழாம் எண் கிணற்றின் வரியில் விரலை வைத்து நகர்த்தினாள். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. முப்பத்தொன்பது புள்ளி ஆறு. அடுத்த கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததும். வரி முடியும்வரை அப்படியே.

மூன்று நோட்டு தள்ளி ஒன்றை எடுத்தாள். அதில் மூன்று வரிகள் வெறுமை. கடைசி நோட்டில் ஒன்பது வரிகள்.

பத்து வருடத்துக்கு முன்னால் முதல் கிணறு வற்றிய அன்று, அப்பா அலுவலகத்துக்குப் போய், "வற்றியதுன்னு எழுதட்டுமா சார்?" என்று கேட்டார். கேட்டதுதான் தப்பு. கேட்காமல் எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் தலைவராக வந்திருந்த டைரக்டர், "தண்ணியே இல்லாத இடத்துல நீர்மட்டம் எங்க இருந்து வரும்? நம்பர் இல்லன்னா கட்டத்தை வெறுமையா விடுங்க" என்றார். வாயால் சொன்னதோடு சரி, காகிதத்தில் வரவில்லை. அப்பா விட்டார்.

வெறும் கட்டம் சராசரியில் சேராது. தேறாத பிள்ளைகளைப் பரீட்சை அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வகுப்பின் சராசரி ஏறிவிடும், அந்த மாதிரி. ஒவ்வொரு கிணறாக வற்ற வற்ற, ஏரிக்கரையோரம் இருந்த நல்ல கிணறுகள் மட்டும் கணக்கில் மிஞ்சின. காகிதத்தில் நீர்மட்டம் உயர்ந்துகொண்டே போனது. பூமிக்குள் இறங்கிக்கொண்டே போனது. "ஐந்து ஆண்டுகளில் நாற்பது சென்டிமீட்டர் உயர்வு" என்ற அறிக்கையைக் காட்டித்தான் புட்டித் தண்ணீர் ஆலை ஒன்று பதினோரு ஆழ்துளைக் கிணறுகள் போட அனுமதி வாங்கியது.

மூன்று வருடத்துக்கு முன் ஊர்க் குழாய்கள் வெறும் காற்றை ஊதத் தொடங்கின. துறைக்குள் ஒரு விசாரணை நடந்தது. இத்தனை கட்டங்கள் ஏன் வெறுமை என்று கேட்டார்கள். டைரக்டர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அளவையாளர் அந்தக் கிணறுகளுக்குப் போகவில்லை."

வேலை போனது. தெருவில் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் காதில் விழும்படியே பேசினார்கள். காலிக் குடத்தோடு நடக்கிறவர்களுக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அப்புறம் கட்டில்தான். அந்தக் கட்டிலுக்கு அடியில் இந்தப் பெட்டி. "நோட்டைக் குடுங்கப்பா, அதுல எழுதியிருப்பீங்கல்ல, நான் பார்த்துக்கிறேன்" என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். வேண்டாம். பயப்படுகிறார் என்று நினைத்தாள். அண்ணனுடைய வேலைக்காகப் பார்க்கிறார் என்றும் நினைத்தாள்.

இப்போது தெரிந்தது. அலுவலகப் பதிவேட்டில் வெறுமையாக விட்டதைத் தன் சொந்த நோட்டிலும் வெறுமையாகவே விட்டிருந்தார். "ரெண்டு நோட்டு வெச்சுக்கிறது திருட்டு வேலை" என்று அவர் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். ஒரு பென்சில் கீறல் போட்டிருக்கலாம். "போனேன்" என்று மூன்றெழுத்து எழுதியிருக்கலாம். ஒன்றுமில்லை.

அவள் எண்ணிப் பார்த்தாள். எதையும் எண்ணிப் பார்த்துவிடுவது அவள் வழக்கம். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கச் சொட்டுகளை எண்ணுகிறவள். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள்.

அவளுக்கு அப்பாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. எழுந்து போய் உலுக்கிக் கேட்க முடியாத கோபம். அடுத்த அறையில் வாளி காலியாகி, தரையில் வைத்தபோது கணகணவென்று ஒலித்தது.

அண்ணன் பத்து மணிக்கு வந்தான். சீருடையில் வந்தான்.

"இன்னிக்குமா?" என்றாள்.

"லீவு கேட்டேன். இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சலாம். சாரே இங்க வர்றாரு, பதினோரு மணிக்கு. அவரைக் கூட்டிட்டு வரணும். அப்புறம் இடுகாட்டுக்கும் வர்றாராம்." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினான். "நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு நானே வழி காட்டணுமாம்."

அப்பாவுக்கு வேலை போன மறுமாதம் டைரக்டர்தான் அவனுக்கு டிரைவர் வேலை போட்டுக் கொடுத்தார். வீட்டில் அப்போது அடுப்பெரிய வேறு வழி இல்லை. அதை இரக்கம் என்று அம்மா சொன்னாள். வாய்ப்பூட்டு என்று அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்கும், அவன் பேசுவதில்லை.

"எதுக்கு வர்றாரு?"

"துக்கம் கேக்க." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நோட்டு பத்திக் கேட்டாரு. காலையில ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போகும்போது மூணு தடவை கேட்டாரு. அடுத்த வாரம் கமிஷன் உக்காருதுல்ல, அந்த ஆலை விஷயமா. துறைக்கு வெளியில இருந்து ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ். அவருக்கு அதான் உதறல். அப்பா ஏதாவது எழுதி வெச்சிருப்பாருன்னு நெனைக்கிறாரு."

"நீ என்ன நெனைக்கிற?"

"குடுத்துடு. என் வேலையும் போயிடுச்சுன்னா அம்மா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாங்க? அப்பாவே போயாச்சு. யாரை ஜெயிக்க வெக்கப்போற?"

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

டைரக்டரிடம் பேச வேண்டியதையெல்லாம் மூன்று வருடமாகப் பேசிவிட்டிருந்தாள், பஸ்ஸில், குளியலறையில், பரிசோதனைக் கூடத்தில் குழாயைத் திருகிக்கொண்டே. அந்தப் பேச்சுகளில் அவள் குரல் நடுங்காது. அந்த ஆள் தலைகுனிவார். ஆனால் கடையில் பாக்கிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் திரும்பி வருகிறவள் அவள். நேரில் பார்த்தால் வாய் வராது. அது அவளுக்குத் தெரியும்.

அண்ணன் வெளியே போனதும் முப்பத்தொரு நோட்டுகளையும் அடுக்கினாள். செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் இழுத்து இறுக்கினாள்.

கார் வந்து நின்றது. காலையில்தான் கழுவியிருந்தார்கள், சக்கரத்தின் பள்ளங்களில் தண்ணீர் இன்னும் சொட்டு சொட்டாக நின்றது. தெருவில் கூடியிருந்தவர்கள் முதலில் அந்தச் சக்கரத்தைத்தான் பார்த்தார்கள். அண்ணன் இறங்கி வந்து பின்கதவைத் திறந்துவிட்டான். சொந்த அப்பா செத்துக் கிடக்கும் வீட்டு வாசலில், இன்னொருவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரிக்காரர் அவள் பக்கத்தில் நின்றிருந்தார். ஆழ்துளை போடும் வண்டி வைத்திருப்பவர், அப்பாவின் ஒரே சிநேகிதர். "நான் ஓட்டை போடுறேன், உங்கப்பன் ஓட்டையில எட்டிப் பார்க்கிறான், ரெண்டு பேருக்கும் பொழப்பு ஓடுது" என்று சொல்லிச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

"வந்துட்டான் பாரு, மாலையோட. ஆளைக் கொன்னவனே வந்து அளவு பார்க்கிறான்" என்றார் மெல்ல.

"மாமா, நீங்க ஒண்ணும் பேசிடாதீங்க" என்றாள்.

"நான் பேசாம? நீ பேசப்போறியா ஊமக்கோட்டான்?"

டைரக்டர் மாலையை வைத்தார். கண்ணை மூடி நின்றார். அம்மாவிடம் இரண்டு வார்த்தை சொன்னார். நல்ல குரல் அவருக்கு, கேட்டால் நம்பத் தோன்றும். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஒரு நிமிஷம் தனியா பேசலாமாம்மா?" என்றார்.

அப்பாவின் அறைக்குள் வந்தார். கட்டிலைப் பார்த்தார். உட்காரவில்லை. தரையில் கிடந்த பூட்டு கண்ணில் பட்டது.

"உடைச்சிருக்கே."

"சாவி கிடைக்கல சார்."

"படிச்சுப் பார்த்தியா?"

"இல்ல சார். காலையிலதான் உடைச்சேன். எல்லாம் முடிஞ்சதும் நிதானமா உக்காந்து பார்க்கலாம்னு."

அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். இந்த வீட்டில் இன்று நடுங்காத குரலைத்தான் சந்தேகப்படுவார்கள்.

"நீயும் சயின்ஸ் படிச்ச பொண்ணு, உனக்கே தெரியும். அதெல்லாம் துறையோட சொத்து. வீட்டுல இருந்தா உங்களுக்குத்தான் தொல்லை. நாளைக்கு யாராவது வந்து கேட்டா உங்கண்ணன்தான் பதில் சொல்லணும்." குரலைத் தாழ்த்தினார். "அப்பா மேல இருந்த கேஸ் இன்னியோட மூடிடுச்சும்மா. போனவர் மேல யாரும் கேஸ் நடத்த மாட்டாங்க. நான் ஒரு இரங்கல் கடிதம் கொண்டுவந்திருக்கேன், துறை முத்திரையோட. எல்லார் முன்னாடியும் நானே படிக்கப்போறேன். குடும்பத்துக்கு ஒரு மரியாதை."

கடிதத்தை நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். முப்பத்தொரு ஆண்டுகள் துறையில் பணியாற்றிய அன்னாரின் மறைவு. ஈடுசெய்ய முடியாத. ஆழ்ந்த. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் கடிதம். பெயரை மாற்றினால் அடுத்த ஆளுக்கும் ஆகும்.

அதை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. மூன்று வருடம் பேசிப் பார்த்த பேச்சுகளில் எதிலும் வராத ஒன்று. அவள் மெதுவாக நிமிர்ந்தாள்.

"அம்மாவுக்கு ஒரு ஆசை சார்."

"சொல்லு."

"ஒரு வரி சேர்க்கணும். அப்பா எல்லாக் கிணத்துக்கும் போனாருன்னு. தெருவுல ரொம்பப் பேசிட்டாங்க சார், போகாம சம்பளம் வாங்கினாருன்னு. அது அம்மா காதுல விழுந்திருக்கு. இன்னிக்கு எல்லாரும் இருக்காங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

டைரக்டர் அவளைப் பார்த்தார். அவள் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை, அவள் எப்போதும் அங்கேதான் பார்ப்பாள்.

"அவ்வளவுதானே." பேனாவை எடுத்தார். "என்னன்னு எழுதணும்?"

"மாதம் தவறாமல், இருபத்துநான்கு கிணறுகளுக்கும், கடைசி மாதம் வரை நேரில் சென்று அளந்தவர்."

"கடைசி மாதம் வரை" என்ற இடத்தில் பேனா நின்றது. "இவ்வளவு விவரம் எதுக்கும்மா? கடமை தவறாதவர்னு போட்டாப் பத்தாதா?"

அவள் கட்டிலுக்கு மறுபக்கம் போய், சணல் கட்டிய பொட்டலத்தை எடுத்து வந்து மேசைமேல், கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முப்பத்தொரு நோட்டுகளும் இருப்பது அதன் கனத்திலேயே தெரிந்தது. அவர் இடது கை தானாகப் போய் முடிச்சைத் தடவியது. கழற்ற வரவில்லை. வாசலிலிருந்து யாரோ, "நேரமாகுது, எடுக்கலாமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

அவர் எழுதினார்.

"பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்து சார்" என்றாள். "நோட்டுல எதையாவது சேர்த்தா ஓரத்துல கையெழுத்தும் தேதியும் போடணும்னு அப்பா சொல்லுவாரு. இல்லன்னா செல்லாதுன்னு."

அவர் சிரித்தேவிட்டார். "அவரோட பொண்ணுதான் நீ." ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

வாசலில் நின்று அவர் அதைப் படித்தபோது தெரு முழுக்க அமைதியாக இருந்தது. முத்திரையுள்ள காகிதம், நல்ல குரல். "மாதம் தவறாமல், இருபத்துநான்கு கிணறுகளுக்கும், கடைசி மாதம் வரை" என்ற இடம் வந்ததும், எதிர்வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். அவர்தான் ஒருநாள் காலிக் குடத்தை இவர்கள் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவர்.

கடிதத்தை மடித்து டைரக்டர் அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு, "இதை மூணு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா அவர் காது கேட்டிருக்குமே சார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் கேட்டாள். டைரக்டர் தலையை அசைத்துவிட்டு, பொட்டலத்தை அண்ணனிடம் கொடுத்தார். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கொண்டுபோய்க் காரின் பின்சீட்டில் வைத்தான்.

அம்மாவின் கையிலிருந்து கடிதத்தை அவள் வாங்கிக்கொண்டாள். அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது. ஓர் எண்ணும் தொலையாது. அவள் கொடுத்துவிட்டது அப்பாவின் கையெழுத்தை மட்டும்தான். ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே அவர் போடும் அந்தச் சின்னக் கோட்டை. அதை இனிமேல் பார்க்க முடியாது என்பதைக் கார்க்கதவு சாத்திய பிறகுதான் யோசித்தாள்.

இடுகாட்டில் மண் மாவாகக் கொட்டியது. குழி வெட்டுகிறவர் ஓரங்களுக்குப் பலகை கொடுத்திருந்தார்.

"முன்னெல்லாம் இடுப்பளவு போனா ஈரம் வந்துடும். கால் வழுக்கும்" என்றார். "இப்ப எவ்வளவு ஆழம் போனாலும் இப்படித்தான். பலகை இல்லன்னா சரிஞ்சு நம்மளையும் சேர்த்து மூடிடும்."

"அளந்து சொல்றதுக்கு ஆள் இருந்தாரு" என்றார் ரிக்காரர். "அவரைத்தான் உள்ள எறக்குறோம்."

சவப்பெட்டி இறங்கியது. டைரக்டர் ஒரு கைப்பிடி மண் எடுத்துப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். அண்ணன் பக்கம் திரும்பிக் கண்ணால் காரைக் காட்டினார்.

அண்ணன் அசையவில்லை. அவன் கையில் மண் இருந்தது, இன்னும் போடவில்லை.

"நேரமாச்சுப்பா. மீட்டிங் இருக்கு."

அண்ணன் மண்ணைப் போட்டுவிட்டு, மூடி முடிக்கும் முன்பே போனான். கார் கிளப்பிய தூசி குழி வரைக்கும் வந்து அடங்கியது.

கூட்டம் கலையத் தொடங்கியதும் ரிக்காரர் அவளை ஓரமாக இழுத்தார். முகம் சிவந்திருந்தது.

"நோட்டைத் தூக்கிக் குடுத்துட்டியாமே. உங்கண்ணன் சொல்றான். உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? முப்பது வருஷம் அந்த மனுஷன் வெயில்ல அலைஞ்சதுக்கு இருந்த ஒரே சாட்சி."

"அதுல ஒண்ணும் இல்ல மாமா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"வத்துன கிணறு எல்லாம் அதுலயும் வெறும் கட்டம்தான். இருநூத்திப் பன்னெண்டு. காலையில எண்ணினேன்."

அவர் குழிப் பக்கம் திரும்பினார். "அட கிறுக்கா" என்றார். அது அவளிடம் சொன்னது இல்லை.

"அந்த நோட்டைக் கமிஷன்ல காட்டியிருந்தா, பாருங்க, இவரே போகலன்னு ஒத்துக்கிட்ட மாதிரி இருக்குன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. "இப்ப அது அவர் கையில இருக்கு. நம்மகிட்ட இது இருக்கு."

கடிதத்தைப் பிரித்துக் காட்டினாள். ரிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்துப் படித்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"கட்டம் ஏன் வெறுமைன்னு கேட்டப்ப, அளவையாளர் போகலன்னு சொன்னாரு. அதான் ரெக்கார்டுல இருக்கு. இன்னிக்கு அவரே எழுதியிருக்காரு, எல்லாக் கிணத்துக்கும் கடைசி மாசம் வரைக்கும் போனாருன்னு. கையெழுத்து, தேதி, முத்திரை. நூறு பேர் முன்னாடி படிச்சும் இருக்காரு. போனவர் ஏன் வெறுமையா விட்டாரு? யார் விடச் சொன்னா? அதை இனிமே ஜட்ஜ் அவர்கிட்டதான் கேக்கணும்."

ரிக்காரருக்கு முதலில் இருமல் வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. இடுகாட்டில் நிற்கிறோம் என்ற நினைவு வந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்ததற்குச் சிரிப்புதான் காரணமா என்று சொல்ல முடியவில்லை.

"நான் மூணு வருஷமா அவன் வீட்டு வாசல்ல ரிக்கை நிறுத்தி ஓட்டை போட்டுடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "நீ பேனாவைக் குடுத்து அவன் கையாலேயே போட வெச்சுட்டியே."

"பேனாகூட அவரோடதுதான் மாமா."

அவர் போனை எடுத்துக் கடிதத்தை நான்கு தடவை படம் பிடித்தார். நான்கிலும் விரல் விழுந்திருந்தது. ஐந்தாவதில் சரியாக வந்தது.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஒன்றும் சொல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அதில் கைகால் கழுவினாள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் குழம்பும் அவித்த முட்டையும் வந்திருந்தன. அம்மாவுக்கு இறங்கவில்லை, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவள் மேசையில் உட்கார்ந்து தட்டில் போட்டுக்கொண்டாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பிசைந்து வாயில் வைத்ததும்தான் எவ்வளவு பசி என்பது தெரிந்தது.

கார் திரும்பி வந்த சத்தம் கேட்டது. வீட்டு வாசலுக்கு வரவில்லை. எதிர்வரிசையில், நிழலே இல்லாத இடத்தில் நின்றது. ஜன்னல் வழியாகப் பின்சீட்டு தெரிந்தது. செய்தித்தாள் கிழிந்து, நோட்டுகள் சீட்டெல்லாம் இறைந்து கிடந்தன.

அண்ணன் உள்ளே வந்து அவள் எதிரில் நின்றான். சட்டையில் இன்னும் இடுகாட்டு மண் ஒட்டியிருந்தது.

"சார் அந்த லெட்டரைக் கேக்கிறாரு. ஏதோ ஒரு வார்த்தை தப்பாயிடுச்சாம். திருத்தி நாளைக்கு அனுப்புறாராம்."

அவள் முட்டையை இரண்டாகப் பிட்டாள். "நோட்டைப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. பல்லால கடிச்சு முடிச்சை அவுத்தாரு. முதல்ல ஒரே சிரிப்பு. உங்கப்பா தெய்வம்டான்னு என் தோள்ல தட்டினாரு." அண்ணன் நிறுத்தினான். "பாலத்துக்கிட்ட போனதும் சிரிப்பு நின்னுபோச்சு. அப்படியே உக்காந்திருந்தாரு. அப்புறம் வண்டியைத் திருப்புன்னாரு. கத்தினாரு."

"ஓ."

"என்ன எழுதி வாங்கின நீ?"

"நீதான் கேட்டியே, வாசல்ல நின்னு. அவ்வளவுதான். அப்பா எல்லாக் கிணத்துக்கும் போனாருன்னு."

அண்ணன் யோசித்தான். அவன் மெதுவாகத்தான் யோசிப்பான். சின்ன வயதிலும் கணக்கு போட்டு விடை வரும்வரை இப்படித்தான் ஒரு காலை மறு காலில் தேய்த்துக்கொண்டு நிற்பான். அம்மா சுவரில் சாய்ந்தபடியே கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

வெளியே ஹார்ன் அடித்தது. டைரக்டர் பின்சீட்டிலிருந்து எட்டி அடித்திருக்க வேண்டும். ஒரே தடவை, குட்டையாக.

"குடம் தண்ணி இருக்கு வாசல்ல" என்றாள் அம்மா. "கையைக் கழுவிட்டு வா."

"அம்மா, அவரு காத்துக்கிட்டு..."

"மண்ணை மூடுற வரைக்கும் உன்னை நிக்க விட்டாரா அவரு?"

மறுபடி ஹார்ன் கேட்டது, இந்த முறை நீளமாக. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்குப் பக்கத்து வீட்டு ஜன்னலும்.

அண்ணன் கார்ச் சாவியை எடுத்து மேசைமேல், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். வாசலுக்குப் போய்க் கையைக் கழுவினான். நிறையத் தண்ணீர் விட்டு, முழங்கை வரைக்கும், நிதானமாகக் கழுவினான். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அவள் அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள். முட்டையில் பெரிய பாதியை எடுத்து அதில் போட்டாள். தெருவில் உச்சி வெயில் இன்னும் இறங்கவில்லை. காரின் பின்கதவுக் கண்ணாடி அரை அடி கீழே இறங்கி நின்றது.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றான் அண்ணன்.